தம்புசாமியின் பெருநகர இருதயம்

வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் மலாக்கா ஊரில் ஜனங்கள் சாகாமல் ஒன்றும் இல்லை. காய்ச்சலில் செத்தார்கள், வயிற்றுப்போக்கில் செத்தார்கள், தென்னை மரத்திலிருந்து விழுந்து செத்தார்கள். ஊருக்கு வெளியே காட்டோரத்தில் யாரோ யாரையோ சுட்டதிலும் செத்தார்கள். ஆனால் சிங்கப்பூர்க்காரர்களைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கௌரவமாகச் சாக மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரிய மனிதர்களுக்கு இது ரொம்ப நாளாக மனக்குறை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே புங்கா ராயா ரோட்டில் ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

அதன் பெயர் பெருநகர இருதய மரண ஒப்பீட்டு அலுவலகம். பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால், மிச்சத்தைப் பக்கத்திலிருந்த தம்புசாமியின் மிளகாய் மில்லின் மேல் ஆணியடித்து நிறுத்தினார்கள். ‘அலுவலகம்’ என்ற சொல் முழுக்க மில் வாசலுக்கு மேலேதான் இருந்தது. மிளகாய் அரைக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தூக்குவாளியோடு தயங்கி நின்றார்கள். தம்புசாமி வாய் திறக்கவில்லை. புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிவிட்டு ஊருக்கு வந்து மில் வைத்தவர் அவர். பலகையோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை என்பது தோட்டத்திலேயே அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

திறப்பு விழாவுக்கு ஆசனம் போதவில்லை என்று மில்லிலிருந்த பெஞ்சைத் தூக்கிப் போனார்கள். பெஞ்சு போன இடத்துக்குத் தம்புசாமியும் போனார். அலுவலகத் தலைவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, செயலாளர் தனபாலன் அதைத் தமிழில் சொன்னார். தனபாலனுக்கு நாற்பது வயதிருக்கும். தஞ்சோங் கிளிங்கில் கடலோரம் வீடு. அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாதவர்.

“ஓர் ஊர் பெரிய நகரமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறோம்?” என்றார் துரை, தனபாலன் வாயால். “மணிக்கூண்டை வைத்தா? மாடிக் கட்டடத்தை வைத்தா? கிடையாது. அந்த ஊர்க்காரன் எதில் சாகிறான் என்பதை வைத்து! லண்டன்காரன் இருதயத்தில் சாகிறான். சிங்கப்பூர்க்காரனும் முயற்சி எடுத்து முன்னுக்கு வந்துவிட்டான். நீங்கள்? காய்ச்சல்! கொசு கடித்துச் சாகிற ஊரை வைத்துக்கொண்டு நான் எப்படி மாநாட்டில் தலைகாட்டுவது?”

பின்னால் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஆளுக்கொரு சிவப்புத் தூண் வரைந்திருந்தார்கள். மலாக்காவுக்கென்று விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு பல்லி குடியிருந்தது.

மீன் விற்கும் கருப்பாயி எழுந்து, “ஐயா, எங்க வரிசையில வீட்டுக்கு வீடு காய்ச்சல். மருந்து இங்கதான் குடுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“அது வேற டிப்பார்ட்மெண்ட் லா, அம்மா,” என்றார் தனபாலன். “இங்க கௌரவமான சாவு மட்டும்தான் பாப்போம்.”

தனபாலன் கை தட்டினார். ஊரும் தட்டியது. பெஞ்சில் படிந்திருந்த மிளகாய்த் தூள் தொண்டையில் ஏறித் தம்புசாமிக்கு இருமல் வந்துவிட்டது. அவர் அடக்க முடியாமல் இருமியதை, மேடையிலிருந்த தனபாலன் கழுத்தை நீட்டி ஆசையோடு பார்த்தார்.

அந்த இருமல்தான் வினையாக வந்தது. “ராத்திரி பகல் லொக்கு லொக்குன்னு. போய் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வாங்க,” என்று அவர் மனைவி பெரியநாயகி விரட்டி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். கழுத்தில் கிடப்பதையும் கழற்றச் சொன்னார்கள். அங்கேதான் சங்கடம்.

அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு செம்புத் தாயத்து கிடந்தது. மகள் பாக்கியம் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்றிருந்த சமயத்தில், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டியது. ‘இவள் கழுத்தில் தாலி ஏறுகிற நாள் வரை இதைக் கழற்ற மாட்டேன், தாயே’ என்று அப்போதே வேண்டிக்கொண்டார். அம்மனிடம் சொன்ன சொல்லை ஓர் ஆஸ்பத்திரி ஆளுக்காக மாற்ற முடியுமா? அதனால் அந்த ஆள் திரும்பிய சமயம் பார்த்துத் தாயத்தை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மெஷினுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். முதுகில் கிடப்பது முன்னால் இருக்கிற மெஷினுக்கு எப்படித் தெரியும் என்பது அவர் எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

டாக்டர் காய்ச்சல் வார்டில் இருந்தார். அங்கே தரையில்கூடப் படுக்க இடமில்லாததால் அவருக்குப் படம் பார்க்க நேரமில்லை. ஆனால் தபால் வந்ததா என்று கேட்பது போலத் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து, ‘இருதயம் ஏதாவது வந்துச்சா?’ என்று கேட்டுப் போகும் தனபாலனுக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். இருதயத்தின் மேலேயே, கட்டைவிரல் தடிமனுக்குப் பளீரென்று ஓர் அடையாளம்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவைத்தால் என்ன செய்வது? படத்துக்கு வெயில் படாமல் குடை பிடித்துத் துரையிடம் கொண்டுபோனார். துரை வெகுநேரம் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றார்.

சாயங்காலம் தனபாலன் மில்லுக்கு வந்தார். வாயெல்லாம் பல்.

“அண்ணே, நல்ல சேதி. உங்களுக்குப் பெருநகர இருதயம். வருஷக் கடைசிக்குள்ள போயிடுவீங்க.”

“எங்க சார்?”

“மேலதான்.”

தம்புசாமி அரைத்துக்கொண்டிருந்த மில்லை நிறுத்திவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். தனபாலன் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறுதல் சொன்னார். லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்றுதான் நகரங்களை ஒப்பிடுவார்களாம். மலாக்கா ஊரில் இருப்பதோ அரை லட்சம்தான்.

“அதனால இங்க எல்லாம் ரெட்டிப்புண்ணே. நீங்க ஒருத்தர் செத்தா ரெண்டு பேர் செத்த கணக்கு! சிங்கப்பூர்ல எவனுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?”

உள்ளேயிருந்து பெரியநாயகி வந்தாள். கை நிறைய மிளகாய்த் தூள்.

“உங்க கணக்குக்கு ரெண்டு பேரா இருந்துட்டுப் போகட்டும் சார். எனக்கு இவரு ஒருத்தருதான்.”

தனபாலன் கொஞ்சம் பின்வாங்கி நின்று, தம்புசாமியின் அடையாளக் கார்டைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு முத்திரை குத்தினார். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமென்று, ஒரு பிடி அரிசியோடு ஊர்க் கேட்டைத் தாண்டினாலே போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் அது. முத்திரை என்றால் முத்திரைதான்.

“சார், ஆவணியில எம் பொண்ணு பாக்கியத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துல லாரி ஓட்டுறாரு. அங்க கோயில்லதான் கல்யாணம்,” என்றார் தம்புசாமி. “நான்தானே தாரை வார்த்துக் குடுக்கணும்? ஒரே ஒரு நாள் சார்.”

“அந்த ஒரு நாள்லதான் ஆபத்து. கல்யாணத்துல அப்பன்மாருக்கு நெஞ்சு வலி வர்றது சகஜம். நீங்க அங்க போய் விழுந்துட்டா தோட்டத்துக் கணக்குல ஏத்திடுவாங்க. தோட்டத்துக்காரனுக்கு இருதயம் எதுக்குண்ணே?”

தம்புசாமி சாவுக்குப் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். பயந்தார். ஆனால் அதைவிட, மகள் கையைப் பிடித்துக் கொடுக்காமல் போய்விடுவோமோ என்ற பயம்தான் அவரைத் தின்றது. மில் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அங்கேயே நின்று அழுதார். பெரியநாயகிக்குக் கேட்டது.

மறுநாளிலிருந்து உபசாரம் தொடங்கியது. பெருநகர நோய் வந்தவர் பெருநகரத்து மனிதரைப் போல வாழ வேண்டும், இல்லாவிட்டால் நோய் கலைந்துவிடும் என்று துரை கவலைப்பட்டார். மில் வாசலில் ஒரு சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. வேலை செய்யக் கூடாது, நடக்கக் கூடாது என்று உத்தரவு. வாரம் தவறாமல் டின் டின்னாக வெண்ணெய் வந்தது. சுருட்டு வந்தது. பெரிய நகரத்தில் எல்லோருக்கும் மனக்கவலை உண்டு என்று ஒரு டெலிபோனும் வந்தது. நேரம் கெட்ட நேரத்தில் தனபாலன் அதில் கூப்பிட்டு, “அண்ணே, விலை விழுந்துடுச்சு!” என்று அலறுவார்.

“என்ன வெல சார்?” என்பார் தம்புசாமி.

“அது தெரியாது. கவலைப்படுங்க.”

பெரியநாயகி வெண்ணெயில் ஒரு துளியைக்கூடப் புருஷன் நாக்கில் படவிடவில்லை. அத்தனையையும் உருக்கி நெய்யாக்கி, கல்யாண லட்டுக்கென்று பானையில் ஊற்றிவைத்தாள். சுருட்டு எல்லைக் கல்லருகே காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குப் போனது. மிளகாய்த் தூளை விட்டு விலகி வாசல் காற்றில் உட்கார்ந்திருந்ததால் தம்புசாமிக்கு இருமல் நின்றுபோய், கன்னத்தில் சதை கூட வைத்தது. அலுவலகத்தில் கவலை அதிகமானது.

சம்பந்தி சாமிக்கண்ணு நல்ல மனிதர். “நீங்க வர முடியலன்னா நாங்க வர்றோம் சம்பந்தி. பாஸ் எடுத்துக்கிட்டுத் தோட்டமே ஊருக்கு வந்துடுது,” என்று சொல்லி அனுப்பினார். தம்புசாமியின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இதற்கும் ஓர் அனுமதி வேண்டுமோ என்று கேட்க, எதற்கும் இருக்கட்டும் என்று, அவரே வலியப் போய்ச் செயலாளரிடம் சொன்னார். தனபாலன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“என்னண்ணே இது! சாகிறவரு மேல, உசிரோட இருக்கிறவங்க கீழ. கீழ கூடினா மேல குறையும். அதுதான் விகிதம். உங்க சம்பந்தி வீட்டு ஜனம் பூரா ஊருக்குள்ள வந்து மூச்சு விட்டா, மலாக்கா என்ன ஆகிறது? உங்களப் படாத பாடு பட்டு வளர்த்துக்கிட்டு வர்றோம், ஒரே பந்தியில கெடுத்துடுவீங்க போலிருக்கே.”

பாக்கியம் ஊரை விட்டுத் தோட்டத்துக்குப் போவதில் மட்டும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. கீழே ஓர் ஆள் குறைகிறது அல்லவா? அவள் அனுமதியை நின்ற நிலையில் எழுதிக் கொடுத்தார்.

தம்புசாமி வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துக்கொண்டார். பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க கல்லத் தாண்டக் கூடாது. அவங்க கல்லுக்கு உள்ள வரக் கூடாது. அவ்வளவுதானே? கல்லுக்கு இந்தப் பக்கம் நீங்க நில்லுங்க, அந்தப் பக்கம் அவங்க நிக்கட்டும். முகூர்த்தத்துக்கு என்ன, கல்லா தடுக்குது?”

அப்படியாகத்தான் அந்த ஆவணியில், தஞ்சோங் கிளிங் போகும் ரோட்டில், ஊர் எல்லைக் கல்லில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஒரு கல்யாணம் நடந்தது. பந்தலில் பாதி ஊருக்குள், பாதி வெளியே. தனபாலன் வேகாத வெயிலில் கோட்டோடு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி ஒன்றும் வாழைமரத்துக்குப் பின்னால் தயாராக நின்றது.

கோயில் பூசாரி கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை காளிதாஸ் கையை நீட்டினார். தம்புசாமி மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

“அண்ணே, அண்ணே!” என்று ஓடி வந்தார் தனபாலன். “கை போகலாம். நெஞ்சு போகக் கூடாது. நெஞ்சு இந்தப் பக்கமே இருக்கணும்.”

தம்புசாமி நெஞ்சைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கையை மட்டும் எட்டிய மட்டும் நீட்டினார். பெரியநாயகி செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். பாக்கியத்தின் கை மாப்பிள்ளையின் கைக்குள் போனது. அவள் கல்லைத் தாண்டிப் போய் மணையில் உட்கார்ந்தாள், மேளம் கொட்டியது, தாலி ஏறியது. தம்புசாமி தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் தனபாலன் ஆவலோடு குனிந்தார்.

“வலிக்குதாண்ணே? இடது பக்கமா?”

“இல்ல சார். சந்தோஷமா இருக்கு.”

தனபாலன் முகம் தொங்கிப்போனது.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். ஊரிலிருந்து ஒரு பருக்கை அரிசி வெளியே போகக் கூடாது என்பது சட்டம். எனவே வாழையிலையைக் கல்லுக்கு உட்புறமாகவே வரிசையாகப் போட்டார்கள். ஜனங்கள் வெளியே உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டார்கள். சுருட்டு வாங்கிப் பழகிய போலீஸ்காரர், வயிற்றுக்குள் போய்விட்ட சோறு கடத்தலில் சேராது என்று சொல்லிவிட்டுத் தானும் ஓர் இலையில் உட்கார்ந்தார். அலுவலக வெண்ணெயில் பிடித்த லட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பந்தி முடிந்ததும் தம்புசாமி அம்மனை நினைத்துக் கும்பிட்டு, தாயத்தைக் கழற்றினார். கோயில் உண்டியலில் போடச் சொல்லிப் பூசாரியிடம் கொடுக்கப் போனவரைத் தனபாலன் பந்தலின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் முகம் வெளுத்திருந்தது, ஒரு கை கோட்டுக்குள் இருந்தது.

“அண்ணே, காலையிலேருந்து எனக்கு இங்க ஒரு மாதிரி பிடிக்குது. துரை தினம் ஃபோன் பண்ணி, எப்ப எப்பன்னு கேக்கிறாரு. தூக்கமே இல்ல. ஊர்லயே மோசமான இருதயத்த வெச்சிக்கிட்டு நீங்க கல்லு மாதிரி நிக்கிறீங்களே, அது எதனாலன்னு இப்பதான் புரியுது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தத் தாயத்த எனக்குக் குடுத்துடுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்.”

கோயிலுக்குச் சேர வேண்டிய பொருள் என்று தம்புசாமி ஒரு நிமிஷம் யோசித்தார். உயிருக்குப் பயந்து கேட்பவனிடம் இல்லையென்று சொன்னால் அம்மனுக்கே பிடிக்காது என்று தோன்றியது. தனபாலனின் டையைத் தளர்த்தி, தன் கையாலேயே கட்டிவிட்டார்.

புரட்டாசியில், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கத் தம்புசாமிக்கு மறுபடி படம் எடுத்தார்கள். நெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது.

துரை படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இருந்தது எங்கே போயிற்று? ஒரு பொருள் இருந்து காணாமல் போனால் அவசரகாலத்தில் ஒரே காரணம்தான், கடத்தல். கல்யாணத்தன்று எல்லைக்கு வெளியே கை நீட்டினாரே, அரிசியைச் சோதித்தவர்கள் நோயைச் சோதித்தார்களா? எங்கோ ஒரு தோட்டக்காரன் மலாக்காவின் இருதய நோயை அனுமதியில்லாமல் அனுபவித்துக்கொண்டிருக்கிறான்! அன்று கல்லருகே நின்றவர்கள் எல்லோருக்கும் உடனே நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். முதல் ஆளாகத் தன் செயலாளரையே அனுப்பினார், நேர்மையான மனிதர்.

மெஷின் இருந்த அறையில் தனபாலன் சட்டையைக் கழற்றினார். வாசலில் துரை நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்ட அதிகாரி, தாயத்துக் கட்டியிருப்பதை வெள்ளைக்காரன் பார்த்தால் மானம் போகாதா? அவர் அதை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார்.

படத்தில் அதே அடையாளத்தைப் பார்த்த துரை வந்து அவர் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். “அலுவலகத்துக்கு வெளியே போகவில்லை, பார்த்தீர்களா!” என்றார். அன்றே தனபாலனின் அடையாளக் கார்டில் முத்திரை விழுந்தது. தம்புசாமிக்கு விழுந்த முத்திரை ரத்தானது. சாய்வு நாற்காலி, வெண்ணெய், சுருட்டு, டெலிபோன் எல்லாம் மில் வாசலிலிருந்து அலுவலகத்துக்கு இடம் மாறின. பெஞ்சைத் திருப்பித் தர மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்து, மகளையும் மாப்பிள்ளையையும் தலைதீபாவளிக்கு அழைக்கத் தம்புசாமி பஸ் ஏறினார். மடியில் லட்டுப் பொட்டலம். பஸ் எல்லைக் கல்லருகே சோதனைக்கு நின்றது. கல்லுக்கு உட்புறம் அந்தச் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் தனபாலன். கோட்டு இல்லை, முகத்தில் தாடி. அவர் வீடுதான் எல்லைக்கு வெளியே, தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறதே! சாயங்காலமானால் அவர் மனைவி அங்கிருந்து பஸ் ஏறிவந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போவாளாம். அன்றும் வந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. கீழே ஓர் ஆள் கூடிவிடும்.

தம்புசாமிக்கு மனசு கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார். தனபாலனுக்கு இருதயம் வந்த கதையைக் கேட்டதிலிருந்தே அவர் ஒரு விஷயத்தைப் புரட்டிப் புரட்டி யோசித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி,” என்றார். சார் என்று வாயில் வரவில்லை. “படம் எடுக்கிறப்ப அதை முதுகுப் பக்கம் தள்ளி விட்டீங்களா?”

தனபாலன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“நானும் அப்படித்தான் பண்ணேன். படத்துல விழுந்தது அதுதான் தம்பி. கழட்டி வெச்சிட்டு இன்னொரு படம் எடுங்க. நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

தனபாலன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது.

“கழட்டுன நிமிஷமே ஏதாவது ஆயிட்டா?”

“ஒண்ணும் ஆகாது தம்பி. உங்களுக்கு நோயே இல்ல.”

“படம் இருக்குதேண்ணே. உங்களுக்கு நானே பாத்துச் சொன்ன மாதிரிப் படம்.” அவர் தாயத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் கல்லுக்கு அந்தப் பக்கம் போனது. “இந்த ஊர்க் கணக்குல நான் ரெண்டு பேருண்ணே. ஆனா அவளுக்கு நான் ஒருத்தன்தானே.”

தம்புசாமி பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் ஒரு லட்டையும், கல்லைத் தாண்டிப் போய் அவர் மனைவி கையில் ஒரு லட்டையும் வைத்தார். பஸ்காரன் ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார்.

தனபாலன் நாற்காலியை விட்டு எழுந்து கல்லருகே வந்திருந்தார். கையை எட்டிய மட்டும் நீட்டி, மனைவிக்கு லட்டை ஊட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சை மட்டும் இந்தப் பக்கமே வைத்திருந்தார்.